ஈரலோடு வந்த காவல்காரர்கள்

ஹிரோஷிமா என்ற பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது அணுகுண்டு. 1945ம் ஆண்டு ஆகஸ்டு 6ந் தேதி காலையில் ஒரு விமானம் வந்தது. ஒரே ஒரு குண்டைப் போட்டது. ஊர் சாம்பல் ஆயிற்று.

அந்த ஹிரோஷிமா மீண்டும் எழுந்து விட்டது. அங்கே பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. அதைச் சேர்ந்த ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி டாக்டர்கள் செய்த ஒரு காரியத்தைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறோம். ஊரை அழித்த கதையை உலகம் ஆயிரம் தடவை சொல்லி விட்டது. அதே ஊரில் உயிரைக் காக்கப் பாடுபட்டவர்களின் கதையை ஒரு தடவையாவது சொல்ல வேண்டாமா?

கொட்டாத தண்ணீர்

ஈரல் கெட்டுப்போனவருக்கு வேறு ஒருவரின் ஈரலை வைக்கிறார்கள். இது உங்களுக்குத் தெரியும். தாய் தன் ஈரலில் ஒரு பகுதியை மகனுக்குக் கொடுக்கிறாள். மனைவி கணவனுக்குக் கொடுக்கிறாள். வெட்டிக் கொடுத்த ஈரல் சில மாதங்களில் மறுபடியும் வளர்ந்து விடும். உடம்பில் வேறு எந்த உறுப்புக்கும் இப்படி வளரும் சக்தி கிடையாது.

எடுத்த ஈரலை அப்படியே கொண்டு போய் வைப்பது இல்லை. அதற்குள் ரத்தம் நிற்கும். குளிர்ந்த மருந்து நீரை உள்ளே விட்டு அதை அலசி வெளியேற்றுகிறார்கள். அலசிய நீர் சாக்கடைக்குப் போகும். எல்லா நாட்டிலும் இதுதான் வழக்கம்.

ஹிரோஷிமா டாக்டர்கள் அந்த நீரைக் கொட்டவில்லை. பிடித்து வைத்தார்கள். அதில் மிதந்த வெள்ளை அணுக்களைப் பிரித்து எடுத்தார்கள். மூன்று நாள் வளர்த்தார்கள். மூன்றாம் நாள், ஈரலை வாங்கிக்கொண்ட நோயாளியின் ரத்தக் குழாயில் அவற்றை ஏற்றினார்கள்.

எதற்காக? அதைச் சொல்வதற்கு முன் ஒரு நாயின் கதையைச் சொல்ல வேண்டும்.

கட்டிப்போட்ட நாய்

ஒரு வீட்டில் நல்ல நாய் ஒன்று இருந்தது. வேற்று ஆள் யார் வந்தாலும் பாய்ந்து கடிக்கும். அந்த வீட்டுக்கு ஒரு புது மருமகள் வந்தாள். நாய்க்கு அவள் யார் என்று தெரியாது. அவள் மேலும் பாய்ந்தது. வீட்டார் என்ன செய்தார்கள்? நாயைக் கட்டிப் போட்டார்கள். மருமகள் பிழைத்தாள். ஆனால் அன்று இரவே திருடன் வந்து விட்டான்!

நம் உடம்பிலும் இப்படி ஒரு நாய் இருக்கிறது. அதுதான் ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள். கிருமி உள்ளே வந்தால் பாய்ந்து கொல்லும். புது ஈரல் வந்தால் அதையும் "வேற்று ஆள்" என்று கருதிப் பாயும். ஆகவே, ஈரல் மாற்றிய நோயாளிக்கு, வெள்ளை அணுக்களை அடக்கி வைக்கும் மருந்து கொடுக்கிறார்கள். சில மாதங்களுக்கு மட்டும் அல்ல. பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும்.

இதற்கு நல்ல மருந்து இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1963ம் ஆண்டு மார்ச்சு 1ந் தேதி, அமெரிக்காவில் டென்வர் நகரில், டாக்டர் தாமஸ் ஸ்டார்சல் மூன்று வயதுச் சிறுவனுக்கு உலகத்தில் முதன்முதலாக ஈரல் மாற்றினார். ரத்தம் நிற்கவே இல்லை. சிறுவன் ஆபரேஷன் மேஜையிலேயே இறந்து விட்டான். 1967ம் ஆண்டுதான் ஒரு சிறு குழந்தை ஓராண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. பிறகு 1980ம் ஆண்டை ஒட்டி சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்தது. 1989ம் ஆண்டில் டாக்ரோலிமஸ் வந்தது. இது ஜப்பானில் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த மருந்து. இந்த இரண்டும் வந்த பிறகே ஈரல் மாற்று நம்பத் தகுந்த வைத்தியம் ஆயிற்று.

நாயைக் கட்டத் தெரிந்து விட்டது. திருடனை என்ன செய்வது? அதுதான் மிச்சம் இருந்த கேள்வி.

உள்ளேயே இருந்த திருடன்

திருடர்களில் பலவகை உண்டு. சில கிருமிகள் வெளியில் இருந்து வருகின்றன. சில கிருமிகள் நம் உடம்பிலேயே படுத்துத் தூங்குகின்றன. நாய் அசந்த நேரம் பார்த்து எழுந்திருக்கின்றன. இன்னும் சில, நோயாளியின் ஈரலைக் கெடுத்ததே தாங்கள்தான் என்று பெயர் வாங்கியவை.

அப்படிப்பட்டது "சி" வகை மஞ்சட்காமாலை வைரஸ். ரத்தத்தின் மூலம் பரவும். சரியாகக் கொதிக்க வைக்காத ஊசி, சோதிக்காத ரத்தம் ஆகியவற்றால் பரவியது. இருபது முப்பது ஆண்டுகள் ஓசை இல்லாமல் ஈரலை அரிக்கும். ஜப்பானில் மிகப் பலர் இதனால் ஈரல் சுருங்கியும், ஈரலில் புற்று வந்தும் மாண்டார்கள்.

கெட்ட ஈரலை எடுத்து விட்டு நல்ல ஈரலை வைத்தால் இந்த வைரஸ் ஒழிந்ததா? ஒழியவில்லை. ஈரல் போனாலும் வைரஸ் ரத்தத்தில் நீந்திக்கொண்டிருக்கும். புது ஈரல் உள்ளே வந்ததும் அதில் குடி ஏறும். நாயோ கட்டிக் கிடக்கிறது. சில வாரங்களில், ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிட அதிகமாக வைரஸ் பெருகி விடும். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு, ஐந்து ஆண்டுகளுக்குள் புது ஈரலும் சுருங்கிப் போயிற்று.

எண்ணிப் பாருங்கள்! ஒரு தாய் தன் வயிற்றைக் கிழித்து ஈரலைக் கொடுத்திருப்பாள். அது ஐந்தே ஆண்டில் வீணாகும். ஜப்பானில் இந்தத் துயரம் அதிகம். மூளை இறந்தவர்களின் உறுப்பைக் கொடுக்கும் வழக்கம் அங்கே மிகக் குறைவு. அதற்கு என்று சட்டம் வந்ததே 1997ம் ஆண்டில்தான். ஆகவே பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்களே தங்கள் ஈரலைக் கொடுக்க வேண்டி இருந்தது. கொடுத்த ஈரலைக் கிருமி தின்னாமல் காக்க வேண்டும் என்ற கவலை ஜப்பான் டாக்டர்களுக்குப் பெரிதாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறந்த வீட்டுக் காவல்

இப்போது ஹிரோஷிமாவுக்கு வருவோம். அங்கே டாக்டர் ஹிடெக்கி ஓதான் என்பவரின் கூட்டத்தார் ஒன்றை நினைத்துப் பார்த்தார்கள். இந்த வீட்டு நாயைக் கட்டி விட்டோம். சரி. மருமகள் தன் பிறந்த வீட்டிலிருந்து காவல்காரர்களைக் கூட்டி வந்திருக்கிறாளே, அவர்களைப் பயன்படுத்தினால் என்ன?

ஈரல் ஒரு வாசல் போன்றது. குடலில் இருந்து வரும் ரத்தம் எல்லாம் முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. சோற்றோடு கிருமியும் வரலாம் அல்லவா? ஆகவே ஈரலில் காவல் அதிகம். "இயற்கைக் கொல்லி" என்று ஒருவகை வெள்ளை அணு உண்டு. 1975ம் ஆண்டில் விஞ்ஞானிகள் வைத்த பெயர் இது. மற்ற அணுக்களுக்கு எதிரியை அடையாளம் காட்டிப் பழக்க வேண்டும். அதற்குப் பல நாள் பிடிக்கும். இந்த அணுவுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம். கெட்டுப்போன அணுவைக் கண்டதும் அடிக்கும். ஓடும் ரத்தத்தில் இது கொஞ்சமாகவே இருக்கிறது. ஈரலில் உள்ள வெள்ளை அணுக் கூட்டத்திலோ மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூட இதுவே இருக்கும்.

அலசிய நீரில் அடித்துக்கொண்டு போவது இந்தக் காவல்காரர்கள்தான்!

பிடித்த அணுக்களுக்கு இன்டர்லூகின்-2 என்ற பொருளைக் கொடுத்தார்கள். நம் உடம்பே சுரக்கும் பொருள்தான் அது. அதைக் குடித்ததும் கொல்லி அணுக்களுக்கு வெறி ஏறும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வந்த காவல்காரர்களில் "டி" அணுக்கள் என்ற வேறு ஒரு கூட்டமும் இருக்கிறது. அவை புது வீட்டையே எதிரியாக நினைத்து அடிக்கத் தொடங்கும். நோயாளியின் தோலையும் குடலையும் தாக்கும். உயிருக்கே ஆபத்து. ஆகவே அந்த "டி" அணுக்களின் பல்லைப் பிடுங்க இன்னொரு மருந்தையும் சேர்த்தார்கள். அதன் பிறகே நோயாளிக்கு ஏற்றினார்கள்.

பலன் என்ன? 2009ம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் இதை வெளியிட்டார்கள். அணுக்கள் ஏற்றிய நோயாளிகளின் ரத்தத்தில், முதல் ஒரு மாதத்தில், "சி" வைரஸ் வெகுவாகக் குறைந்திருந்தது. ஏற்றாதவர்களின் ரத்தத்தில் அப்படிக் குறையவில்லை.

எலிகளிலும் சோதித்தார்கள். சாதாரண எலிக்கு இந்த வைரஸ் பிடிக்காது. ஆகவே மனித ஈரல் அணுக்கள் வளரும் விசேஷ எலிகளை எடுத்தார்கள். வைரஸ் உள்ள மனித ரத்த நீரை ஊசி போட்டால் அந்த எலிகளுக்குத் தவறாமல் நோய் வரும். கொல்லி அணுக்களை ஏற்றிய எலிகளுக்கு நோய் வரவே இல்லை!

இந்த அணுக்கள் இன்டர்பெரான் காமா என்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. அது வைரசைப் பெருக விடாமல் தடுக்கிறது. மனிதர்களில் வைரஸ் குறைந்தது, எலிகளில் அடியோடு தடுக்கப்பட்டது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எலிக்கு ஆனது மனிதனுக்கும் ஆகி விட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. நாம் அப்படி எழுத மாட்டோம்.

மாத்திரை முந்தியது

இவ்வளவு பாடுபட்ட பிறகு என்ன நடந்தது தெரியுமா? மாத்திரை முந்திக்கொண்டது.

2013ம் ஆண்டு டிசம்பரில் சோபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அதோடு வேறு மாத்திரைகளும் சேர்ந்தன. 12 வாரம் சாப்பிட்டால் போதும். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் "சி" வைரஸ் அடியோடு ஒழிந்து விடுகிறது. ஈரல் மாற்றுவதற்கு முன்பும் சாப்பிடலாம். மாற்றிய பின்பும் சாப்பிடலாம்.

அமெரிக்காவில் அந்த மாத்திரை ஒன்றின் விலை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர்! ஏழை நாடுகள் என்ன செய்யும்? இந்திய மருந்துக் கம்பெனிகள் 2014ம் ஆண்டில் உரிமை வாங்கி இதைச் செய்யத் தொடங்கின. விலை தலைகீழாக இறங்கியது. 2018ம் ஆண்டு ஜூலை 28ந் தேதி மத்திய அரசு மஞ்சட்காமாலை வைரஸ் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் சோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் யாருக்காவது "சி" வைரஸ் இருப்பதாகத் தெரிந்தால், ஈரல் கெடும்வரை காத்திருக்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்படியானால் ஹிரோஷிமா டாக்டர்களின் உழைப்பு வீணா? "ஆம்" என்று சிலர் சொல்லக் கூடும். நாம் ஒப்ப மாட்டோம். "சி" வைரசுக்கு மாத்திரையே மேல். அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. அணுக்களை வளர்க்க ஆய்வுக்கூடம் வேண்டும், வல்லுநர்கள் வேண்டும். மாத்திரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஆனால் நாயைக் கட்டிப்போட்ட வீட்டுக்கும் வேறு காவல் வைக்கலாம் என்பதை அவர்கள் மனிதர்களிடத்திலேயே செய்து காட்டினார்கள். எல்லா வைரசுக்கும் மாத்திரை கிடையாது. அங்கேதான் இந்தக் கதை தொடருகிறது.

தூங்கும் வைரஸ்

சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று உண்டு. பெயர் நீளம். "சி.எம்.வி." என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்வார்கள். நம்மில் பெரும்பாலோர் உடம்பில் இது இருக்கிறது! சின்ன வயதில் வந்து, படுத்துத் தூங்குகிறது. நல்ல உடம்புக்கு இதனால் கெடுதல் இல்லை. ஈரல் மாற்றியவருக்கு இது பெரிய எதிரி. காய்ச்சல், குடல் புண், நுரையீரல் வீக்கம், புது ஈரலுக்கே சேதம்.

ஈரல் கொடுத்தவருக்கு இந்த வைரஸ் இருந்து, வாங்கியவருக்கு இல்லாமல் இருந்தால் ஆபத்து மிக அதிகம். வாங்கியவரின் வெள்ளை அணுக்கள் இந்த வைரசை முன்பின் பார்த்ததே கிடையாது.

இதற்கு மாத்திரை இருக்கிறது. வால்கான்சிக்ளோவிர் என்று பெயர். மூன்று மாதம் முதல் ஆறு மாதம்வரை கொடுப்பார்கள். ஆனால் அது வெள்ளை அணுக்களையே குறைத்து விடும். மாத்திரையை நிறுத்தியதும் வைரஸ் எழுந்திருப்பதும் உண்டு.

2020ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. இப்படி அதிக ஆபத்து உள்ள 205 ஈரல் மாற்று நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முதலில் இருந்தே மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு வாரந்தோறும் ரத்த சோதனை. வைரஸ் தலை நீட்டினால் மட்டும் மாத்திரை. முதலில் இருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தானே நோய் குறைந்திருக்கும்? இல்லை! அவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு நோய் வந்தது. காத்திருந்து கொடுத்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கே வந்தது.

இது எதைக் காட்டுகிறது? வைரசைக் கொஞ்சம் கண்ணால் பார்த்த வெள்ளை அணு அதை அடிக்கக் கற்றுக்கொள்கிறது. பார்க்கவே விடாமல் மூடி வைத்தால் கற்றுக்கொள்வது தாமதம் ஆகிறது. கடைசியில் காப்பாற்றுவது நம் சொந்த அணுக்களே என்று நாம் நினைக்கிறோம்.

அப்படியானால், நன்றாகக் கற்ற அணுக்களை வேறு ஒருவரிடம் இருந்து கடன் வாங்கலாமா? வாங்கலாம். 1995ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் சியாட்டில் நகரில் இதைச் செய்தார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றிய 14 நோயாளிகளுக்கு, மஜ்ஜை கொடுத்தவரிடம் இருந்தே, இந்த வைரசை அடிக்கப் பழகிய அணுக்களை எடுத்து வளர்த்து ஏற்றினார்கள். 14 பேரில் ஒருவருக்குக்கூட அந்த நோய் வரவில்லை. மஜ்ஜை மாற்று வேறு, ஈரல் மாற்று வேறு. மஜ்ஜை மாற்றியவருக்கு ரத்தமே கொடுத்தவருடையதாகி விடுகிறது. கொடுத்தவரின் அணுக்கள் அங்கே சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருக்கும். ஈரல் மாற்றியவருக்கு அப்படி இல்லை. அதனால்தான் ஈரலில் இந்த வேலை இன்னும் கடினமாக இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் அணு வங்கி

இன்னொரு வைரஸ் எப்ஸ்டீன்-பார். 1964ம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. இதுவும் தூங்கும் வைரஸ். அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களிடம் இது எழுந்தால் நிணநீர் அணுக்களில் புற்று போன்ற கட்டிகளை உண்டாக்கும். சிறு குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். ஏனென்றால் அவர்கள் இந்த வைரசை இன்னும் சந்தித்தே இருக்க மாட்டார்கள்.

1984ம் ஆண்டில் அதே டாக்டர் ஸ்டார்சல் ஒரு அதிசயத்தைச் சொன்னார். அடக்கும் மருந்தைக் குறைத்தால் சிலருக்கு இந்தக் கட்டி தானே கரைந்து போகிறது! நாயைக் கொஞ்சம் அவிழ்த்து விட்டதும் திருடன் ஓடி விட்டான். ஆனால் எல்லோருக்கும் அவிழ்த்து விட முடியாது. ஈரலையே கடித்து விட்டால்?

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகர விஞ்ஞானிகள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ரத்த தானம் செய்கிறவர்களிடம் இருந்து, இந்த வைரசை அடிக்கத் தெரிந்த அணுக்களை எடுத்து வளர்த்தார்கள். உறைய வைத்து ஒரு வங்கி ஏற்படுத்தினார்கள். நோயாளி வந்தால் அவருக்கு எது பொருந்தும் என்று பார்த்து எடுத்துக் கொடுக்கலாம். வேறு வைத்தியம் பலிக்காத 33 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நூற்றுக்கு 52 பேருக்குப் பலன் தெரிந்தது. 2007ம் ஆண்டு இந்தக் கணக்கு வெளியாயிற்று. எல்லாவற்றையும் செய்து பார்த்து டாக்டர்கள் கையை விரித்த நோயாளிகள் அவர்கள். அதை மறக்கக் கூடாது.

இந்த வகை அணு மருந்து ஒன்றுக்கு 2022ம் ஆண்டு டிசம்பரில் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. ஓராண்டு கழித்து, 2023ம் ஆண்டு டிசம்பரில், ஒரு கெட்ட செய்தி வந்தது. ஆறு வைரஸ்களை ஒரே சமயத்தில் அடிக்கும் அணுக்களை மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பெரிய சோதனைகள் நடந்தன. வெற்றி கிட்டாது என்று தெரிந்ததும் மூன்று சோதனைகளையும் நிறுத்தி விட்டார்கள். சிறிய சோதனையில் அழகாகத் தெரிந்தது பெரிய சோதனையில் பொய்த்து விடும். மருத்துவத்தில் இது புதிது அல்ல. நல்ல செய்திக்குக் கொடுக்கும் இடத்தைக் கெட்ட செய்திக்கும் பத்திரிகைகள் கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூர் விஞ்ஞானிகள் வேறு பாதையில் போகிறார்கள். "பி" வகை மஞ்சட்காமாலை வைரசால் வந்த ஈரல் புற்று, ஈரல் மாற்றிய பிறகும் திரும்பி வருவது உண்டு. அதை அடிக்கும்படி நோயாளியின் சொந்த அணுக்களுக்கே பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த அணுக்களை அடக்கும் மருந்துக்கு மயங்காதபடியும் சில நாட்களுக்குச் செய்ய முடியும் என்று 2021ம் ஆண்டில் காட்டினார்கள். வீடு முழுதும் தூங்கும்போது ஒருவன் மட்டும் விழித்திருப்பதுபோல! இதுவும் இன்னும் ஆராய்ச்சிதான்.

காசு பறிப்போர்

ஆராய்ச்சி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். காரணம் உண்டு.

இந்தக் கொல்லி அணுக்களின் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கும் கூட்டம் உலகத்தில் பெருகி விட்டது. "உங்கள் ரத்தத்தை எடுத்து, அணுக்களை வளர்த்து, திரும்ப ஏற்றுகிறோம். புற்று வராது. கிருமி வராது. இளமை திரும்பும்" என்று விளம்பரம் செய்கிறார்கள். ஜப்பானிலேயே இது நடக்கிறது. 2024ம் ஆண்டு அக்டோபரில் டோக்கியோ நகரில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தை இந்த வேலையை நிறுத்தச் சொல்லி ஜப்பான் அரசு அவசர உத்தரவு போட்டது. புற்று வராமல் தடுக்க என்று கொல்லி அணுக்களை ஏற்றிக்கொண்ட இருவருக்கு ரத்தத்தில் கிருமி ஏறி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. கிருமியைத் தடுக்கும் பொருளிலேயே கிருமி!

ஹிரோஷிமா பல்கலைக்கழகம் செய்ததும் இதுவும் ஒன்று அல்ல. அங்கே ஈரல் மாற்றிய நோயாளிக்கு, அதே ஈரலில் இருந்து வந்த அணுக்களை, மூன்றாம் நாள், கணக்கோடு ஏற்றினார்கள். ஏற்றாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவை எல்லோரும் படிக்க வெளியிட்டார்கள். விளம்பரக்காரர்கள் எதையும் ஒப்பிடுவது இல்லை. யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்ற கணக்கும் காட்டுவது இல்லை.

ஈரல் மாற்றியவர் வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வோம். யாராவது உங்களிடம் வந்து "அணு ஊசி போடுகிறோம், இத்தனை லட்சம் ஆகும்" என்றால், "இது அரசு அனுமதி பெற்ற சோதனையா? பதிவு எண் என்ன? நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். சோதனையில் சேருகிறவர் தன் உடம்பையே கொடுக்கிறார். அவரிடம் பணமும் கேட்பது நியாயம் அல்ல. வீட்டை விற்றுக் கொடுத்து விடாதீர்கள். டாக்டர் கொடுத்த அடக்கும் மாத்திரையை அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு நிறுத்தி விடவும் வேண்டாம். காய்ச்சல் கண்டால் மறுநாள்வரை காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

நாம் கேட்பது

இனி, அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது.

நம் நாட்டிலும் பெரும்பாலான ஈரல் மாற்றுகள், உயிரோடு இருக்கும் உறவினர் கொடுக்கும் ஈரலால்தான் நடக்கின்றன. ஜப்பானைப் போலவே! ஹிரோஷிமா முறைக்கு இது ஏற்ற இடம். ஆபரேஷன் எந்த நாள், எந்த நேரம் என்று முன்பே தெரியும். அலசிய நீரைப் பிடிக்க ஆள் தயாராக நிற்கலாம். மூன்று நாள் வளர்க்க ஆய்வுக்கூடமும் தயாராக இருக்கலாம்.

"சி" வைரசுக்கு இனி இது தேவை இல்லை. "பி" வைரசுக்கும் மாத்திரையும் ஊசியும் இருக்கின்றன. சி.எம்.வி. போன்றவற்றுக்கும், திரும்பி வரும் ஈரல் புற்றுக்கும் இது பயன்படுமா என்று நம் டாக்டர்களே ஒழுங்காகச் சோதிக்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் அந்தச் சோதனை நடக்க வேண்டும். அரசாங்கமே செலவு செய்ய வேண்டும். கம்பெனிகள் லாபம் வரும் என்றால் வருகின்றன. ஒரு சோதனை தோற்றதும் கடையைக் கட்டிக்கொண்டு போய் விடுகின்றன. ஸ்காட்லாந்தில் ரத்த தானம் செய்கிறவர்களை நம்பி அணு வங்கி ஏற்பட்டது. நம் ஊரிலும் ரத்த தானம் செய்ய வரிசையில் நிற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஊருக்குப் பத்து அணு வங்கி வேண்டாம். நாட்டுக்கு ஒன்று போதும்.

இதற்குச் செலவாகும் என்று சொல்வார்கள். ஆகும். அதனால்தான் செலவு குறைந்த வழியையும் கூடவே கேட்கிறோம். "பி" வைரசுக்குத் தடுப்பு ஊசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். 2011ம் ஆண்டில் இந்தத் தடுப்பு ஊசித் திட்டம் இந்தியா முழுதும் வந்து விட்டது. அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. பிரசவத்துக்குப் போகும் தாய்மார்கள் நர்சிடம் "ஈரல் ஊசி போட்டாயிற்றா, அம்மா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்த அன்று போட்ட ஊசி, நாற்பது வயதில் ஈரல் மாற்ற வேண்டிய நிலையையே தவிர்க்கும்.

ஈரல் கொடுக்க முன்வரும் உறவினருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தத் தாள் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அலசிய நீரில் உள்ள அணுக்களை ஆராய்ச்சிக்கு எடுக்கப் போவதாக இருந்தால் அதையும் அதில் எழுத வேண்டும். கொடுப்பவர் சம்மதித்தால் எடுக்கலாம். சம்மதிக்காவிட்டால் நீரைக் கொட்டி விட வேண்டும்.